அய்யாவு போட்ட எண்கள்

கூடாரம் போட வந்த நான்கு பேரும் இரும்புக் கம்பிகளைப் புல்லில் போட்டுவிட்டுக் காரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் முன்விளக்கின் கிண்ணத்தை விரலால் சுண்டிப் பார்த்தான். இன்னொருவன் குந்தி உட்கார்ந்து அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தான். கூடத்தில் வாணியின் அப்பாவைச் சவப்பெட்டியில் கொண்டுவந்து வைத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"அக்கா, இந்தக் காடி இங்க நின்னா கால் ஊன முடியாது" என்றான் அவர்களில் மூத்தவன். "கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி உள்ள விட்டுடுறீங்களா?"

அது ஸ்டார்ட் ஆகாது, தள்ளத்தான் வேண்டும் என்றாள் வாணி. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அப்பாதான் ஆள்களைக் கூப்பிட்டு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். திங்கட்கிழமை காலை தேநீர்க் குவளையை மேசையில் வைத்தவர், கால் மரத்துப் போகிறது என்று சொல்லிக்கொண்டே நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். அப்பா தங்கராஜுவுக்கு எண்பத்திரண்டு வயது. கார் வெளியே நின்றபடியே நின்றுவிட்டது.

தம்பி கவிநேசன் ஈர வேட்டியோடு வந்து கதவைத் திறந்தான். வாணி அவனை விலக்கிவிட்டுத் தானே ஏறினாள். ஸ்டேரிங்கை அரைச்சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரம் திரும்பும். அந்த அரைச்சுற்று அப்பாவுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். ஓட்டுநர் இருக்கை இன்னும் தைக்கப்படவில்லை. கவிழ்த்துப் போட்ட பால்பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து முன்னால் பார்த்தாள். மற்ற கார்களில் முள் வைத்த மானிகள் வரிசையாக இருக்கும் பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வேகமானியும் மற்ற இரண்டு மானிகளும் கம்பியில் கட்டித் தொங்கின. அவற்றுக்கு நடுவே இயந்திரத்தின் முதுகும், அதற்கும் கீழே புல்லும் தெரிந்தன. எட்டுப் பேர் தள்ள, புல் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்தபடியே அவள் காரைக் கொட்டகைக்குள் ஏற்றினாள்.

புலாவ் செபாங்கில் ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் இருந்த அந்த வீட்டைக் காரை வைத்துத்தான் ஊரில் அடையாளம் சொல்வார்கள். அன்றைக்குத் துக்கத்துக்கு வந்தவர்களும் அப்பாவின் தலைமாட்டில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுக் கொட்டகையில் அரைமணி நேரம் நின்றார்கள். வாணிக்கு அதில் வருத்தம் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக வேலை செய்பவள் அவள். மனிதர்கள் எதை உற்றுப் பார்க்கிறார்கள் என்பதைப் பார்ப்பதே அவளுக்கு ஒரு பழக்கம். கார் என்று பொதுவாக யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பாகத்தைத்தான் பார்த்தார்கள். சிம்பாங் அம்பாட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவரின் மகன் முன்பக்கத்து வெள்ளிச் சட்டத்தின் மேல்விளிம்பில் இருந்த வரிகளைத் தடவினார். அதற்குள் கண்ணாடி பதித்து அவர்கள் கடைச் சுவரில் நாற்பது வருடம் தொங்கியிருந்தது. செலண்டாரிலிருந்து வந்த ஒரு அம்மா பின்கதவைத் திறந்து திறந்து மூடினார். அது அவர் பிறந்த வீட்டின் குளியலறைக் கதவு.

கார் ஒரு டைம்லர். செலண்டாருக்குப் போகும் வழியில் இருந்த மேட்டுத் தோட்டத்துப் பெரிய துரை, போருக்கு நாலைந்து வருடம் முந்திக் கப்பலில் வரவழைத்தது. அதை ஓட்டியவர் அய்யாவு, தங்கராஜுவின் அப்பா. நாற்பத்திரண்டாம் வருடம் ஜனவரியில் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் துரை ராணுவ லோரி ஒன்றில் ஏறித் தெற்கே போனார். போகும்போது, பெட்ரோலை ஊற்றிக் காரைக் கொளுத்திவிடு, அவன் கையில் அது சிக்கக் கூடாது என்று அய்யாவுவிடம் சொல்லிவிட்டுப் போனார். அய்யாவு கொளுத்தவில்லை. மூன்று நாளில் காரை அக்கக்காகக் கழற்றி, தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து வைத்தார். இயந்திரம் ஒரு சீனர் வீட்டு மரக்கொட்டகைக்குப் போனது. அடிச்சட்டத்தை லோங்காங் என்ற சாக்கடை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டுப் பலகை அடித்தார். யாரைக் கேட்டாலும் அது பாலம்.

அடுத்த வருடம் ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்தபோது அய்யாவுவும் போனார். திரும்பவில்லை. தங்கராஜுவுக்கு அப்போது ஒரு வயது.

போர் முடிந்து புதுத் துரை வந்து கார் எங்கே என்று கேட்டபோது, டிரைவர் அதை விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணி எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியால் அய்யாவுவின் மனைவி சின்னப் பிள்ளையோடு லயத்தை விட்டு இறங்க வேண்டி வந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கராஜுவுக்குப் பேரே 'காடி வித்தவன் மவன்' என்று ஆனது. கிராணியின் மகன் ஜெயராஜும் அதே பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு மேலே படித்தான்.

தங்கராஜு வளர்ந்து ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். முப்பத்திரண்டாவது வயதில் மேட்டுத் தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், கோழித்தீவனம் வைத்திருந்த ஒரு கிண்ணத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். முன்விளக்கின் கிண்ணம். கழுவித் திருப்பிப் பார்த்தபோது உள்பக்கம் ஆணியால் கீறிய ஓர் 'உ' இருந்தது. பிள்ளையார் சுழி என்றுதான் முதலில் நினைத்தார். அடுத்து ஒரு சக்கரமூடி கிடைத்தது. அதில் 'அ' இருந்தது. குளியலறைக் கதவில் 'கஎ' இருந்தது. யார் பெயரின் எழுத்து, எந்த வீட்டின் அடையாளம் என்று ஒரு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் மளிகைக்கடையில் தொங்கிய நாள்காட்டியில் தேதிக்குப் பக்கத்தில் சின்னதாகத் தமிழ் எண் போட்டிருந்ததைப் பார்த்தார். உ என்பது இரண்டு. அ என்பது எட்டு. கஎ என்பது பதினேழு. கழற்றிய வரிசையில் அய்யாவு எண் போட்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி ராஜம்மாவிடம் அவர் சொன்னதை, அந்தக் குடும்பம் மனப்பாடமாக வைத்திருந்தது. "விக்கிறவன் எதுக்கு நம்பர் போடுறான்? திரும்ப மாட்டுறவன்தான் போடுவான்."

அதிலிருந்து ஐம்பது வருடம். பெரிய எண் நாற்பத்தாறு. அதில் நாற்பத்தொன்று கிடைத்துவிட்டன. நான்கு எரிந்தும் மட்கியும் போனதை அவரே விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவற்றைத் தன் கையால் செய்து போட்டார். அதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. போய்விட்டது என்று தெரிந்ததைச் செய்யலாம், எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்ததைச் செய்யக் கூடாது. இருபத்தேழு மட்டும் அப்படி எங்கேயோ இருந்தது. அதுதான் முன்பலகை. அய்யாவு அதைக் கோணியில் சுற்றிக் கிராணி வீட்டுக்கு எடுத்துப் போனதைச் சிறுமியாக இருந்தபோது பார்த்ததாகப் ரப்பர் பால்மரம் வெட்டிய ஒரு அம்மாள் சொல்லியிருந்தாள்.

வாணிக்கு அப்போது இருபத்தைந்து வயது. மோட்டார் சைக்கிளின் பின்னால் அவளை ஏற்றிக்கொண்டு அப்பா சிம்பாங் அம்பாட்டுக்குப் போனார். கிராணியின் மகன் ஜெயராஜ் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று அங்கே வீடு கட்டியிருந்தார். அவளுக்கும் ஆறு வருடம் அவர்தான் தலைமையாசிரியர். அவர் கேட்டைத் திறக்கவில்லை. அப்பா பணிவாகத்தான் கேட்டார். அடையாளத்துக்கு எடுத்துப் போயிருந்த சக்கரமூடியைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார். ஜெயராஜ் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, தெருவில் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கும்படியான பள்ளிக்கூடக் குரலில் சொன்னார்: "இந்த நம்பர நீயே போட்டிருக்கலாமே, தங்கராஜு. ஒங்கப்பன் வித்துட்டு ஓடுன காடி."

அப்பா சக்கரமூடியை வாங்கிச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்தார். வரும் வழியில் சந்தியில் நிறுத்தி மகளுக்கு ஒரு செண்டோல் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. அவள் குடித்து முடிக்கும்வரை வண்டிப் பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவும் இல்லை, அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

அந்த ஜெயராஜ்தான் பதினோரு மணிக்கு மகள் பமேலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்குள் வந்தார். எண்பத்தாறு வயதில் ஆள் பாதியாகியிருந்தார். எழுந்து இடம் கொடுத்தவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். அவர் மாலையைப் போட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வாணி அவரைப் பார்க்கவில்லை. பமேலாவின் கையில் இருந்ததைத்தான் பார்த்தாள். படுக்கை விரிப்பில் சுற்றிய ஏதோ ஒன்று. கைகளை விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம், ஒரு சாண் உயரம். படம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். காரில் காலியாகக் கிடந்த இடமும் அதே நீளம்.

அவர் அவளைக் கண்ணால் கூப்பிட்டார். சமையலறைக்குப் பின்னால், தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போனார்கள்.

"இத அப்பாவோட பொட்டியில வச்சிடும்மா" என்றார் அவர். "காலடியில வச்சாலும் போதும்."

வாணி விரிப்பை அவிழ்த்தாள். பலகையின் முகத்துக்கு வெள்ளைச் சாயம் அடித்திருந்தது. வட்ட ஓட்டைகளைப் பால்டின் தகரத்தால் அடைத்து, அதன்மேலும் சாயம். ஒரு விளிம்பு முழுக்க மெழுகுவர்த்தி வழிந்து உறைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தது. அவள் கேட்காமலே பமேலா சொன்னாள், அது அவர்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே தட்டாக இருந்தது என்று. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் அதன்மேல்தான் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். தன் அப்பா இன்று காலை ஏன் அதைக் கழற்றச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாணி பலகையைத் திருப்பினாள். பின்பக்கம் சாயமில்லாத மரம். மூலையில், ஆணியால் கீறியது: உஎ.

கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். வரவில்லை. அவள் பார்த்ததெல்லாம் அந்த 'எ'யின் வால் மட்டும்தான். மற்ற எல்லாப் பாகங்களிலும் போலவே இதிலும் அது கீழே இறங்கிக் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அய்யாவு தாத்தாவின் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கையெழுத்தில்தான். அந்த வாலை விரல் நுனியால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

"இத எப்ப பாத்தீங்க, சார்?"

ஜெயராஜ் தண்ணீர்த்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வந்துட்டுப் போன அதே வாரம். சாயம் அடிக்கலாம்னு எறக்குனேன்."

பமேலா தன் அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அய்யாவு அதைக் கொண்டுவந்த அன்றைக்குத் தனக்கு நாலு வயது என்றார். கோணியோடு வந்த ஆளையும், தன் அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கியதையும் மட்டும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது என்றார். புதுத் துரை வந்து விசாரித்தபோது, துரையின் சாமானை வீட்டில் வைத்திருப்பது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று அப்பா பயந்திருப்பார். செத்தவன்மேல் எழுதினால் யாரும் வந்து கேட்கப் போவதில்லை என்று நினைத்திருப்பார். இதையெல்லாம் அவர் நிறுத்தி நிறுத்தி, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தேடிக்கொண்டு வந்த கவிநேசன் பலகையைப் பார்த்தான். அக்கா அவன் கையில் அதைக் கொடுத்து எண்ணைக் காட்டினாள். ஜொகூரில் வேலை பார்க்கும் அவனுக்கு இந்தக் கார்மேல் என்றைக்குமே பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. ஆனால் இப்போது அவன் கண் கலங்கிவிட்டது. பெட்டியில் வைத்துவிடலாம், அப்பா தேடியது அப்பாவோடு போகட்டும் என்றான். இரண்டு மணிக்குப் பெட்டியை மூடி எரிக்கக் கொண்டுபோய்விடுவார்கள், அதற்குள் வைத்துவிட வேண்டும் என்றான்.

"வேணாம்" என்றாள் வாணி.

"அக்கா, பெரியவரு மனசு வந்து கொண்டாந்திருக்காரு லா."

அவள் வாதாடத் தொடங்குவதற்குள் அம்மா அங்கே வந்து நின்றிருந்தாள். யார் சொல்லி வந்தாள் என்று தெரியவில்லை. பெட்டியின் பக்கத்தைவிட்டு அந்தக் காலையில் அவள் அப்போதுதான் எழுந்திருந்தாள். மகன் கையிலிருந்த பலகையை ராஜம்மா மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மெழுகைப் பார்த்தாள். ஜெயராஜைப் பார்த்தாள்.

"தொரையும் கொளுத்தத்தான் சொன்னாரு" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கவிநேசன் பலகையை அக்காவின் கையில் கொடுத்தான்.

வாணி அதை மீண்டும் விரிப்பில் சுற்றினாள். முடிச்சைப் போட்டுக்கொண்டே, அவரை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "சார், அன்னிக்கி நீங்க சொன்னது ரோட்ல போனவங்களுக்கெல்லாம் கேட்டுச்சு. இன்னிக்கியும் அந்த மாதிரி கேக்கணும்."

பமேலா அவரை நாற்காலிக்கு அழைத்துப் போனாள். போய்விடுவார்கள் என்று வாணி நினைத்தாள். கார்ச்சாவியைப் பமேலா கையில் எடுத்ததையும் பார்த்தாள். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. ஊன்றுகோலை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு ஒரு மணி தாண்டியும் உட்கார்ந்திருந்தார்.

ஒன்றேகாலுக்குச் சடங்குக்காரர் தேவாரம் பாடி முடித்தார். யாராவது இரண்டு வார்த்தை பேசுவதானால் பேசலாம் என்று ஒலிவாங்கியை நீட்டினார். பட்டறையில் அப்பாவோடு வேலை செய்த தனபாலன் பேசினார். பிறகு, எல்லார் பார்வையும் தானாகப் பழைய தலைமையாசிரியர்மேல் போய் நின்றது. பமேலா கைகொடுக்க அவர் எழுந்தார். ஒலிவாங்கியை வாங்கிக்கொள்ளாமல் தள்ளிவிட்டார்.

மறைந்த தங்கராஜு சிறந்த உழைப்பாளி என்று தொடங்கினார். எந்தத் துக்க வீட்டிலும் யாரைப் பற்றியும் சொல்லக்கூடிய நாலு வாக்கியங்களைச் சொன்னார். குரல் நடுங்கினாலும் தமிழ் நடுங்கவில்லை. வாணி கூடாரத்துக் கம்பியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவுதான், இதோடு உட்கார்ந்துவிடுவார் என்று தோன்றியது. அவர் நிறுத்தினார். கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே ராஜம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரோட அப்பா அய்யாவு" என்றார், மேடைத்தமிழை விட்டுவிட்டு. "அவரு காடிய விக்கல. கொடுத்து வச்சாரு. எங்க வீட்லயும் ஒண்ணு கொடுத்து வச்சாரு. எங்கப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருவத்தாறு வருசமா தெரியும்."

உட்கார்ந்துவிட்டார்.

வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அய்யாவு யாரென்றே தெரியாது. மீதிப் பேரில் பாதிப் பேர் அந்தப் பழியை எப்போதோ மறந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த இரண்டு கிழவர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து கொட்டகைப் பக்கமாக நடந்து போய்த் தனியே நின்றார். இந்தச் சொல்லுக்காக எழுபது வருடம் காத்திருந்த மனிதர் பெட்டிக்குள் கிடக்க, அது கூடாரத்தின் அந்தக் கோடிவரைகூட எட்டாமல் போய்விட்டதே என்று வாணிக்கு ஒரு கணம் இருந்தது. அடுத்த கணம் சடங்குக்காரர் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்.

அவள் அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தாள். அப்பாவின் காதுப் பக்கம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பின்னால் ஆள்கள் வரிசையாக நின்றார்கள். அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள் மின்சுடலைக்குப் போன பிறகு வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. பெண்கள் கூடத்தில் தண்ணீரை ஊற்றித் தள்ளினார்கள். பூவும் அரிசியும் வாசற்படி வழியாக லோங்காங்குக்கு ஓடின. வாணி தலைக்கு ஊற்றிக்கொண்டு, கிடைத்த பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பலகையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

பால்பெட்டியில் உட்கார்ந்து, தொங்கிய மானிகளை ஒதுக்கிவிட்டுப் பலகையை அதன் இடத்தில் வைத்தாள். சட்டத்தில் நான்கு துளைகள், பலகையிலும் நான்கு. முதல் மூன்றும் நேருக்கு நேர் நின்றன. அப்பாவின் கருவிப்பெட்டியிலிருந்து திருகாணிகளை எடுத்து மூன்றையும் முடுக்கினாள். நான்காவது ஒரு நெல்மணி அகலம் தள்ளியிருந்தது. நாற்பது வருடம் பாலமாகக் கிடந்த சட்டம் முறுக்கிக்கொண்டதா, மெழுகுவர்த்திச் சூட்டில் மரம் வளைந்ததா? யார் பக்கம் கோணல் என்று விளக்கைப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். தெரியவில்லை. அழுத்தினால் மரம் கீறிவிடும். கடையில் மூக்குக்கண்ணாடிச் சட்டம் உட்காராதபோது அவள் செய்வதையே செய்தாள். முடுக்கிய மூன்றையும் அரைச்சுற்றுத் தளர்த்தினாள். பலகை இலேசாக மூச்சுவிட்டது போல் நகர்ந்தது. நான்காவது ஆணி துளைக்குள் இறங்கியது. பிறகு நான்கையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள்.

தகரங்களைப் பின்னாலிருந்து தட்டி உதிர்த்தாள். வேகமானியைக் கம்பியிலிருந்து அவிழ்த்து நடு ஓட்டையில் வைத்தாள், இறுக்கமாக உட்கார்ந்தது. எண்ணெய்மானி இடப்பக்கம். மின்மானி வலப்பக்கம். ஓரத்துச் சின்ன ஓட்டையில், இழுத்தால் இயந்திரத்துக்குப் பெட்ரோல் கூடும் அந்தக் கறுப்புக் குமிழ். இவை எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. இவை எங்கே போகும் என்று அப்பா காகிதத்தில் வரைந்தும் வைத்திருந்தார்.

இன்னும் ஓர் ஓட்டை மிச்சம் இருந்தது.

பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை. தேநீர்க் குவளை வாயளவு. அப்பா வரைந்த காகிதத்தில் இது இல்லை. சுற்றி விரலை ஓட்டினாள். ஏதோ ஒன்று பல வருடம் உட்கார்ந்திருந்த தடம் வளையமாகப் பதிந்திருந்தது. ஆகவே பிறகு யாரும் போட்ட ஓட்டை இல்லை. நாற்பத்தாறோடு முடிந்தது என்றுதான் அப்பா கடைசிவரை நினைத்திருந்தார். நாற்பத்தேழு என்று ஒன்று இருந்ததா? அதற்கும் மேலே இருந்தனவா? யார் வீட்டில், என்னவாக இருக்கிறது அது? உப்பு ஜாடி மூடியாகவா? அவள் அப்பாவிடம் கேட்பதற்காகவே திரும்பிவிட்டாள். பிறகு திரும்பியதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பது போலத் திருகுளியை எடுத்து இடம் மாற்றி வைத்தாள்.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா. குளித்த தலையில் துண்டு சுற்றியிருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. அப்பா பழுப்புத்தோலில் தைத்துப் போட்டிருந்த பின்னிருக்கையை ராஜம்மா முதலில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள்.

"அது என்னா ஓட்ட?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

அம்மா ஏறி உட்கார்ந்தாள். ஸ்பிரிங்குகள் ஒருமுறை முனகி, கார் பின்பக்கம் கொஞ்சமாகத் தாழ்ந்து, அப்படியே நின்றது. வாணி திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடிக்கு அப்பால், கூடாரத்துக்குள் யாரோ நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.